அகிம்சை மீட்டர் என்ன விலை?

கல்யாணம் நிச்சயமானதும் நாம் முதலில் போகிற இடம் பட்டுக் கடை. பார்டர் பார்ப்போம், ஜரிகை பார்ப்போம், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம். புழுவை நினைப்போமா? நினைத்தால் புடவை எடுத்த மாதிரிதான்!

மல்பெரி இலை தின்று வளரும் பட்டுப்புழு, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகும், இழை அறுந்துபோகும். அதனால் அதற்கு முன்பே சூட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். 'வெளியே வந்தாலும் அந்தப் பூச்சி எதையும் தின்னாது, சில நாளில் தானாகச் செத்துவிடும். அப்புறம் என்ன?' என்பார்கள். எப்படியும் சாகிறவர்கள்தானே நாமும்!

கொல்லாத பட்டே கிடையாதா? இருக்கிறது. அஸ்ஸாமில் 'எரி' என்று ஒரு பட்டு. அந்தப் புழுவின் முக்கியமான சாப்பாடு, நமக்கும் நன்றாகத் தெரிந்த ஆமணக்கு இலை. 'எரி' என்ற பெயரே ஆமணக்கின் சமஸ்கிருதப் பெயரான 'ஏரண்ட'த்திலிருந்து வந்ததுதான். இதன் கூட்டில் ஒரு முனை திறந்தே இருக்கும். பூச்சி பாட்டுக்கு வெளியே போய்விடும். காலிக் கூட்டைப் பஞ்சு மாதிரி நூற்றுக்கொள்ளலாம். கடைகளில் இதை 'அகிம்சைப் பட்டு' என்கிறார்கள்.

அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அஸ்ஸாமில் போடோ மக்கள் உட்படப் பலருக்கு எரி கூட்டுப்புழு ருசியான உணவு. புழுவை வெளியே எடுத்துச் சமைத்துவிட்டு, கூட்டை நூற்பதும் உண்டு. துணியைத் தடவிப் பார்த்து, இது பறந்துபோன பூச்சியின் கூடா, வாணலிக்குப் போன புழுவின் கூடா என்று உங்களால் சொல்ல முடியுமா?

அங்கே சமைக்கிற அம்மா, புழுவைத் தன் கையாலேயே எடுக்கிறார். வீட்டுப் பசிக்குச் சமைக்கிறார். ஒளிவுமறைவு கிடையாது. நாமோ கொல்கிற வேலையை யாரிடமோ விட்டுவிட்டு, லேபிளைப் படித்து நிம்மதியாகிறோம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மீன் கடையைத் தாண்டும்போது முகம் சுளிக்கிறவர்களும் நம்மில் உண்டுதானே?

பட்டே கட்டாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அதை நம்பித்தான் எத்தனையோ நெசவாளர் வீடுகளில் உலை கொதிக்கிறது. கொல்லாமல் எடுத்த நூல் என்று விசாரித்து வாங்க முடிந்தால், ரொம்ப நல்லது. ஆனால், அகிம்சையை மீட்டர் கணக்கில் கிழித்து வாங்க முடியாது. எனக்காக எது செத்தது, யார் கை அதைச் செய்தது என்று கேட்கிற மனசில்தான் அது ஆரம்பிக்கிறது.

கேட்டுவிட்டு உடுத்தினால் பட்டு கொஞ்சம் கனக்கும். கனக்கட்டுமே!