யார் கட்ட வேண்டிய பிரீமியம்?

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டால் கதவைச் சாத்திக் கொள்கிறவர்கள் நம்மில் அதிகம். சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழையும் மனிதர் வேறு யார் இருக்கிறார்? வைத்தியர்கூட, “ஒன்றுமில்லை, சரியாகிவிடும்” என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆனால் எனக்கு இவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. தான் இல்லாத உலகத்தை ஒரு மனிதன் ஐந்து நிமிஷமாவது நினைத்துப் பார்க்கும்படி செய்கிறார்கள். கதை எழுதுகிறவனால் அது எல்லோரிடமும் முடிவதில்லை.

எனக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் நாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கிறார். நரிமணத்தைச் சுற்றி வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறுகள் உண்டல்லவா? ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வரும் அந்தத் தொழிலாளர்களிடம் பாலிஸி பிடிப்பது அவர் வழக்கம். அவர் ஒரு நாள் என்னிடம் தர்ம சந்தேகம் ஒன்று கேட்டார்.

“சார், விண்ணப்பத்தில் உத்தியோகம் என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. துளை போடும் மேடையில் வேலை என்று உள்ளபடி எழுதினால் பிரீமியத்தில் கூடுதலாக ஒரு தொகையைச் சேர்த்தாலும் சேர்த்துவிடுவார்கள். மெக்கானிக் என்று எழுதினால் தப்பிக்கலாம். அவனும் ஒரு வகையில் மெக்கானிக்தானே?”

எழுதாதீர்கள் என்றேன். இதில் நான் தயங்க ஒன்றுமில்லை. பாலிஸி எடுத்து மூன்று வருஷத்துக்குள் அவன் இறந்துவிட்டால், உண்மையை மறைத்ததாகச் சொல்லிப் பணத்தை மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போது ஆபீஸ் வாசலில் நிற்கப் போகிறவள் அவன் மனைவி. ஏஜெண்டுக்குச் சேர வேண்டிய கமிஷனோ முன்பே வந்து சேர்ந்திருக்கும். இரக்கத்தால் சொல்லும் பொய்தான். ஆனால் அதற்கு வட்டி கட்டுகிறவள் இன்னொருத்தி.

பொய் தப்பு, சரி. அந்தக் கூடுதல் தொகை நியாயமா?

1693இல் எட்மண்ட் ஹாலி (வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே ஹாலிதான்) பிரெஸ்லாவ் நகரத்தின் ஜனன மரணக் கணக்கை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று அட்டவணை போட்டார். அந்த மாதிரி அட்டவணைகளின் மேல் எழுந்ததுதான் இன்ஷூரன்ஸ் தொழில். ஆபத்து அதிகம் உள்ளவன் அதிகம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாரம் அடுத்தவன் தலையில் விழும். கணக்கில் குற்றமில்லை. மோட்டார் பந்தயம் ஓட்டுகிறவன் விஷயத்தில் நானும் ஒப்புக்கொள்வேன்.

எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி அப்படியா? பூமிக்குள் வெகு ஆழத்தில் அடைபட்டிருக்கும் வாயுவை, குழாயில் இறக்கும் சேற்றின் பாரத்தால் அமுக்கிக்கொண்டே துளை போடுகிறார்கள். அந்தப் பாரம் போதாமல் போனால் கிணறு சீறிக்கொண்டு வெளியே வரும். 2020 மே 27இல் அசாமில் பாக்ஜான் என்ற இடத்தில் கிணறு ஒன்று அப்படித்தான் கட்டை மீறியது. ஜூன் 9இல் தீப்பிடித்தது. தீயணைப்பு ஊழியர்கள் இருவர் மாண்டார்கள். அதை அடக்கி முடிக்க நவம்பர் ஆயிற்று. இந்த ஆபத்தை யாரும் பொழுதுபோக்குக்காகத் தேடிப் போகவில்லை. நம் பஸ்ஸுக்கும் ஸ்கூட்டருக்கும் வேண்டியதை எடுக்கப் போனார்கள்.

சம்பளம் வாங்குகிறார்களே என்பீர்கள். நிரந்தர ஊழியருக்கு நல்ல சம்பளம்தான். பெரிய கம்பெனிகளில் எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்து குரூப் இன்ஷூரன்ஸும் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஆபத்தின் முனையில் நிற்கிறவர்களில் பலர் காண்டிராக்டரின் ஆட்கள். 1988 ஜூலை 6இல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்தபோது இறந்த 167 பேரில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்களே. 2021 மே 17இல் பம்பாய் ஹை பக்கம் புயலில் மூழ்கிய பி-305 என்ற படகில் இருந்த 261 பேரும் காண்டிராக்ட் வேலைக்குப் போனவர்கள். 70க்கும் மேற்பட்டோர் மீளவில்லை.

பைப்பர் ஆல்ஃபாவின் இரும்புக்கு லண்டன் லாயிட்ஸ் சந்தையில் இன்ஷூரன்ஸ் இருந்தது. ஒருவர் ஏற்ற பாரத்தை அவர் இன்னொருவரிடம் இன்ஷூர் செய்ய, அவர் மற்றொருவரிடம் செய்ய, ஒரே நஷ்டம் அதே ஆட்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் கோரிக்கைகளின் மொத்தம் அசல் நஷ்டத்தைப்போல் பல மடங்கு ஆயிற்று! இரும்புக்குப் பொறுப்பேற்க அத்தனை பேர். அதற்கான பிரீமியத்தைக் கம்பெனி தொழிற்செலவில் எழுதிக்கொள்ளும். மேடைமேல் நிற்கிறவன் உயிருக்கான கூடுதல் பிரீமியம் மட்டும் அவன் வீட்டு மளிகைப் பணத்திலிருந்து போகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

வேலையில் நேரும் விபத்துக்கு வேலை கொடுத்தவரே பொறுப்பு என்பது நமக்குப் புதிதல்ல. முதலாளியின் குற்றத்தை நிரூபிக்காமலே நஷ்ட ஈடு பெறலாம் என்ற சட்டம் 1923இலேயே, வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே வந்துவிட்டது. செத்த பிறகு முதலாளியுடையதாகிற ஆபத்து, உயிரோடிருக்கும்போது மட்டும் தொழிலாளியுடையதாக எப்படி ஆகும்? ஊரில் எல்லோரும் கட்டும் சாதாரணப் பிரீமியத்தை அவனே கட்டட்டும். வேலையால் வரும் கூடுதலை வேலை கொடுத்தவர் கட்டட்டும். அதனால் பெட்ரோல் விலை சில காசு ஏறினால் ஏறட்டும், வாங்குகிறவன் நான்தானே?

ஒரு காண்டிராக்டரிடமிருந்து இன்னொருவரிடம் மாறிக்கொண்டே இருக்கிறவனுக்கு யார் கட்டுவது என்று கேட்கலாம். கிணறு யாருடையதோ அவர்தான். அவன் தலையில் மாட்டும் ஹெல்மெட்டின் செலவை எழுதும் அதே புத்தகத்தில் இதற்கும் ஒரு வரி போடட்டும்.