தொடாமையும் தீண்டாமையும்

மகளிர் தினம் வந்தால் கல்லூரி மேடைகளில் 'சிகரம் தொட்ட பெண்கள்' என்று பதாகை கட்டுவோம். அந்தத் தொடரில் 'தொட்ட' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைக்கிறது. தொட்டால்தான் சிகரம் நம்முடையதாகுமா? தொடாமல் நிற்பது எப்போது மரியாதை, எப்போது அடிமைத்தனம்?

இந்தக் கேள்விக்கு நீலகிரியின் அவலாஞ்சி நல்ல இடம். பழைய நிலச்சரிவொன்றின் நினைவாக ஆங்கிலேயர் வைத்த பெயர் நம் நாக்கில் புரண்டு அவலாஞ்சி ஆயிற்று. அதற்கு மேற்கே கோலாரிபெட்டாவும் முக்குருத்தியும் நிற்கின்றன. அவற்றுக்கப்பால் மலை மலபார்க் கரையை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அரபிக்கடலின் மேகங்கள் வந்து மோதும் சுவர் இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது.

2,554 மீட்டர் உயரமுள்ள முக்குருத்திக்கு இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, லட்சுமணன் அறுத்த சூர்ப்பணகையின் மூக்கு அது என்கிறது. ஆசையை வாய்விட்டுச் சொன்ன ஒருத்தியின் காயம் இங்கே நிலக்காட்சியாகிவிட்டது. இன்னொன்று தோடர்களுடையது. இறந்தவரின் உயிர் மறுவுலகுக்குப் போகும் வழி அந்தச் சிகரத்தில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரே பாறை ஒரு கதையில் தண்டனை, மற்றதில் வாசல்.

தோடர்களுக்குச் சிகரங்கள் தெய்வங்கள். அவற்றை நோக்கி விரல் நீட்டிக் காட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஏறி நின்று கொடி நடுவதையே மலையோடு கொள்ளும் உறவாக நினைத்துப் பழகிய நமக்கு இது பெரிய பாடம். 1955இல் ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் முதன்முதலாகக் கஞ்சன்ஜங்காவில் ஏறியபோது, சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். அந்தச் சில அடியால் அவர்கள் சாதனை குறைந்துவிடவில்லை.

ஆனால் அதே தோடர் வாழ்வில் இன்னொரு விலகலும் இருக்கிறது. தங்கள் சடங்குகளை வகுத்துத் தந்தவளாக அவர்கள் போற்றுவது தெய்கிர்சி என்ற பெண் தெய்வத்தை. அவளுக்கென்று ஒரு மலையும் உண்டு. ஆனால் எருமைப் பால் கறப்பதும், புனிதமான பால்மனைக்குள் நுழைவதும் பெண்களுக்கு விலக்கு. தெய்வம் பெண்ணாக இருப்பதால் மட்டும் பெண்ணுக்குக் கதவு திறந்துவிடாது. மீனாட்சியையும் மாரியம்மனையும் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள அகத்தியர் மலையில் இந்தச் சிக்கல் வெளிப்படையாக வெடித்தது. கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு ஆண்கள் ஆண்டுதோறும் அதில் ஏறிவந்தார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை. முனிவர் பிரம்மச்சாரி என்பது ஒரு காரணம். லோபாமுத்திரையின் கணவரை, தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று நாங்கள் வகுப்பில் சொல்லும் அகத்தியரைத்தான் இப்படிப் பிரம்மச்சாரி ஆக்கினார்கள். 2018இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி ஏறினார். மலையைத் தெய்வமாக வணங்கும் காணி மக்கள், பெண்களும்கூட, எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அவர்களது எதிர்ப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காட்டின் மேல் உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்த மக்களுக்கு, மலையைப் பற்றிச் சொல்ல மிஞ்சியிருப்பது நம்பிக்கை ஒன்றுதான். 'யாருமே ஏறவேண்டாம்' என்று அவர்கள் சொன்னால், நான் அடிவாரத்தில் மகிழ்ச்சியோடு நிற்பேன். ஆனால் சீட்டு வாங்கிய ஆணின் காலடியில் கலையாத புனிதம், என் காலடியில் மட்டும் கலையும் என்றால், அங்கே காப்பாற்றப்படுவது மலை இல்லை.

தொடாமை, தீண்டாமை இரண்டுக்கும் சொல்லளவில் பொருள் ஒன்றுதான். ஆனால் நம் வரலாறு ஒன்றை வன்கொடுமையின் பெயராக்கிவிட்டது. வேறுபாடு செயலில் இல்லை. அந்த விதி யாரைக் கட்டுகிறது, யார் அதை விதித்தார்கள் என்பதில் இருக்கிறது. விரல் நீட்டாதே என்ற வழக்கம் மனிதரை மலைக்கு முன் சிறியவராக்குகிறது. நுழையாதே என்ற விலக்கு பெண்ணை ஆணுக்கு முன் சிறியவளாக்குகிறது.

ஊட்டிக்கு வந்துபோகிற நான் தோடர் பெண்களுக்காக இந்தக் கணக்கை முடித்துவைக்க முடியாது. எந்த விலகலை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அவர்கள் முடிவு. ஆனால் நம் வீட்டுப் பூசையறை, நம் ஊர்க் கோயில், நம் கல்லூரி விடுதி வாசல் பற்றி நாம் கேட்கலாம். 'நில்' என்று யாராவது சொன்னால், நிற்பதற்கு முன் பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். சொன்னவரும் நிற்கிறாரா?