காலி என்று தெரிந்த துப்பாக்கி

மெரினாவில் பலூன் சுட்டவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், குழல் கொஞ்சம் கோணலான ஏர்கன், "லைட்டா இடதுபக்கம் வெச்சு அடி தம்பி" என்று ரகசியம் சொல்லும் கடைக்காரர். பலூன் வெடிக்கும்போது வருவதை வெற்றிக்களிப்பு என்று சொல்ல முடியாது. இங்கே நினைத்தது அங்கே நடந்துவிட்டதே என்கிற சின்ன ஆச்சரியம்தான் அது. கைக்கு எட்டாத இடத்தில் உலகம் ஒருமுறை என் பேச்சைக் கேட்டிருக்கிறது.

இருபது வருடம் கழித்து பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையின் பின்புறம், மண்மேட்டுக்கு முன்னால் அடுக்கிய காலி சோடா டின்களைப் பார்த்து நின்றபோது அதே ஆச்சரியம் திரும்பி வந்தது. அமெரிக்கர்கள் இதை ப்ளிங்கிங் என்கிறார்கள். டின்னில் தோட்டா படும் சத்தமே பெயராகிவிட்டது. மதிப்பெண், போட்டி எதுவும் கிடையாது. வேலை விசாவில் இருந்தவரை சட்டச் சிக்கல் வேண்டாம் என்று தள்ளியே இருந்தேன். கிரீன் கார்டு வந்த பிறகுதான் போனேன்.

துப்பாக்கி, என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நண்பருடையது. ரெமிங்டன் நைலான் 66. அறுபதுகளில் அவருடைய அப்பா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. 1959இல் இந்த மாடல் சந்தைக்கு வந்தபோது மரக்கட்டை இல்லாத ரைஃபிளா என்று பலர் முகம் சுளித்திருக்கிறார்கள். உடலும் கட்டையும் டூபாண்ட் கம்பெனியின் நைலான். அது தாங்கும் என்று காட்ட, டாம் ஃப்ரை என்கிற ரெமிங்டன் ஊழியர் காற்றில் வீசப்பட்ட 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டார். தவறியது 6.

பொறியாளனாக என்னை மயக்கியது அதன் உள்வேலை. .22 தோட்டா சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள் இருக்கும், ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் போதும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். வெடிக்கும் வாயு ஈயக்குண்டை முன்னால் தள்ளும்போதே காலிக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட்டைப் பூட்டிப் பிடிக்க எதுவுமே இல்லை. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான். பின்னால் போன போல்ட் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுகிறது. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு குண்டு. மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். வீணாகப் போகும் விசையை வைத்தே அடுத்த வேலையை முடிக்கிற இப்படி ஒரு சிக்கனமான வடிவமைப்பை நான் எழுதிய எந்த நிரலிலும் கொண்டுவந்ததில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "துப்பாக்கியா? நமக்கெதுக்குடா அது?" என்றார். அவர் குரலில் இருந்தது பயம் இல்லை, அருவருப்பு. நான் வழக்கமான பதிலைச் சொன்னேன்: கத்தியும்தான் கொல்லும், வீட்ல வெச்சிருக்கோமே. "கத்தி வெங்காயம் நறுக்கும். இது என்ன நறுக்கும்?"

அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. கருவிக்கு நல்லது கெட்டது கிடையாது என்பது சோம்பேறித்தனமான வாதம். இந்த வகை ரைஃபிள்கள் டின் சுடவும் அணில், முயல் சுடவும் விற்கப்பட்டவை, உண்மைதான். ஆனால் 1968இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது ஒரு .22 ரிவால்வர். 1981இல் ரீகன் மேல் பாய்ந்ததும் .22தான். அந்தத் தோட்டாவுக்கு விளையாட்டு தெரியாது.

இந்த ரைஃபிளைக் கையில் எடுத்தால் மட்டும் இதெல்லாம் மறந்துவிடுகிறது. காரணம் அதன் வயது என்று நினைக்கிறேன். மங்கிப்போன பழுப்பு நைலான், அப்பா வாங்கித் தந்த கதை, தோளில் உதைக்காத சாது. தாத்தாவின் ரேடியோவைப் பார்க்கிற கண்ணோடு அதைப் பார்க்கிறோம். கருப்பாக, ராணுவச் சாயலில் ஒரு புதுத் துப்பாக்கி மேஜையில் கிடந்திருந்தால் நான் விறைப்பாக நின்றிருப்பேன். பழையது என்பதாலேயே இதை மன்னித்துவிட்டேன். ஆனால் பழையது ரைஃபிள் மட்டும்தான். தோட்டா போன வாரம் கடையில் வாங்கியது. ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறை போனபோது நடந்தது இது. ஏழெட்டுக் குண்டு சுட்டுவிட்டு, போதும் என்று நிறுத்தினேன். நைலான் 66இல் மேகசின் என்பது பின்கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாய். 14 தோட்டா பிடிக்கும். குழாயை உருவி, மிச்சத் தோட்டாக்களைக் கொட்டி எண்ணிவிட்டு, காலி என்று முடிவு செய்து மேஜைக்கு எடுத்து வந்தேன். நண்பர் சும்மா, வழக்கத்தில், போல்ட்டை இழுத்தார். பளபளவென்று ஒரு முழுத்தோட்டா மேஜையில் விழுந்து உருண்டது.

கடைசியாகச் சுட்டபோதே அது ஏறியிருக்கிறது. நான் வியந்த அதே இயந்திரம், நான் வியந்த அதே வேலையைச் செய்திருக்கிறது. நான் நடந்து வந்தபோது குழல் திரும்பியிருந்த பக்கம் அவர் பேரன் தரையில் உட்கார்ந்து காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜெஃப் கூப்பர் வகுத்த பாதுகாப்பு விதிகள் நான்கில் முதலாவது, எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரப்பியதே என்பது. முதலில் கேட்டபோது தர்க்கப்பிழை என்று சிரித்தேன். காலி என்று கண்ணால் பார்த்ததை நிரம்பியது என்று எப்படி நம்புவது? விதி என்னைப் பொய்யை நம்பச் சொல்லவில்லை என்பது அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது புரிந்தது. எனக்குத் தெரிந்தது என்பதற்கு நான் கொடுக்கும் அதிகாரத்தைத்தான் அது பிடுங்கிக்கொள்கிறது. எங்கள் தொழிலில் 'என் மெஷின்ல ஓடுதே' என்பவனை எல்லாரும் கேலி செய்வோம். அன்றைக்கு நான்தான் அவன்.

அதுவரை என் நியாயம் முழுக்க என் எண்ணத்தில் இருந்தது. யாரையும் நோகடிக்கும் ஆசை இல்லாதவன், டின்னைத்தானே சுடுகிறேன். அந்தப் பையன் பக்கம் குழல் திரும்பியபோதும் என் எண்ணம் அதே சுத்தத்தோடுதான் இருந்தது. விட்டுவிட வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். விட்டால் அப்பாவுக்கு ஜெயித்த திருப்தி. எனக்கோ, விட்டதே ஒரு தகுதி என்று தோன்ற ஆரம்பித்துவிடும். அதுவும் சரியாகப்படவில்லை.

அடுத்த மாதம் மறுபடி போனேன். பேரனை வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. சுட்டு முடித்ததும் குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்து, குழாயை உருவி, போல்ட்டை இழுத்துப் பிடித்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். காலி. நண்பரிடம் நீட்டினேன். வாங்கியவுடன் அவரும் போல்ட்டை இழுத்து விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார், உறையில் வைக்க. நான் மறுபடி இழுத்துப் பார்த்தேன்.