எட்டுத் திசையும் பார்க்கும்போது

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் தெருக்களில் சிவனின் இரவலர் வடிவமான பிட்சாடனர் பவனி வரும்போது, மக்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். விழாவின் நாயகி புனிதவதி, வணிகர் வீட்டுப் பெண். அழகைத் துறந்து பேயுருவைக் கேட்டு வாங்கி, காரைக்கால் அம்மையார் ஆனவர்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், அந்த எலும்புருவைக் கண்டவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள். இறைவன் என்னை அறிந்தால் போதும், எட்டுத் திசை மக்களுக்கு நான் எந்த உருவில் தெரிந்தால் என்ன என்கிறார் அம்மையார்.

வாட்ஸ்அப் குழுவில் தன் படத்தை மார்ஃபிங் செய்து போட்டுச் சிரிக்கிறார்கள் என்று அழும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இந்தப் பதில் பொருந்துமா?

“கண்டுக்காம விடு” என்று பெரியவர்கள் சொல்வது அம்மையாரின் வைராக்கியம் போலவே தொனிக்கும். ஆனால் அவர் தம் உருவைத் தாமே கேட்டுப் பெற்றார்; மாணவியின் உருவைப் பிறர் திரித்தார்கள். இன்னொன்றும் உண்டு. அம்மையாரின் அலட்சியம், தம்மை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியில் பிறந்தது. அந்த உறுதி இல்லாத பிள்ளையிடம் அலட்சியத்தை மட்டும் கேட்பது எப்படி நியாயமாகும்?

யுனிசெஃப் 2019இல் 30 நாடுகளில் 13 முதல் 24 வயது வரையானவர்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் இணையச் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவர் அதனால் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தார். வகுப்பறையில் சீண்டப்படும் பிள்ளைக்குத் திரையிலும் ஆபத்து அதிகம். சீண்டப்பட்டவரே சீண்டுபவராக மாறுவதும் உண்டு. மனம்விட்டுப் பேச இடம் தரும் வீடும், அச்சமின்றிப் போய்வரக்கூடிய பள்ளியும் ஆபத்தைக் குறைக்கின்றன என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

2016இல் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவர், மார்ஃபிங் செய்த படங்கள் ஃபேஸ்புக்கில் வந்ததால் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனை அவர் கடிதத்தில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. நடவடிக்கை தாமதமானதற்குக் காவல்துறை மன்னிப்புக் கேட்டது.

கயிலைக்குத் தலையால் நடந்து வந்த எலும்புருவைச் சிவன் “அம்மையே” என்று அழைத்ததாகப் புராணம் சொல்கிறது. சோதனை எதுவும் வைக்காத அழைப்பு அது. வீட்டில் அதற்கு நிகரானது, “நீ என்ன பண்ணினே?” என்று விசாரணையைத் தொடங்காமல் பிள்ளை சொல்வதை நம்பிக் கேட்பது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும், சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழைப்பதும் அதன் பிறகு பிள்ளையோடு சேர்ந்து செய்யவேண்டியவை.