வலி யாருடையது?

காங்கேயம் பக்கத்துச் சிற்றூர்க்காரனுக்குப் பந்தயக் குதிரை வைத்தியம் எப்படி வாய்த்தது என்று கேட்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வரும் முன்பே எங்கள் கட்டுத்தரையில் பாதிப் படிப்பு முடிந்திருந்தது. எருது காலைத் தாங்கித் தாங்கி வைத்தால், விதைப்பு நேரமானாலும் அப்பாரு அதை ஏரில் பூட்ட மாட்டார். "அது சொல்லீருச்சு. நாமதான் கேட்டுக்கோணும்" என்பார்.

குதிரையும் சொல்லும். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை சற்றே மேலே எழும். உள்ளங்கையை வைத்துத் தடவினால் ஒரு கால் மற்றதைவிடச் சுடும். எங்களுக்கு முன்பே, குதிரையைப் பராமரிக்கும் சைஸுக்குத் தெரிந்துவிடும்: "ராத்திரி தீனி எடுக்கல சார்."

குதிரைக்கு ஏறக்குறைய 500 கிலோ உடம்பு. காலுக்கு ஒரே விரல். அந்த விரலின் நகம்தான் குளம்பு. முன்னங்காலில் நாம் முட்டி என்பது உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே சதை கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். வேகம் அங்கிருந்து வருகிறது, ஆபத்தும் அங்கேதான். 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியாவில் அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார். ஆனால் பாரத்தை மாற்றிச் சுமந்த நல்ல காலின் குளம்பு அழன்று கெட்டது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின், 2007 ஜனவரியில், கருணைக்கொலைதான் வழியாயிற்று.

இத்தகைய முறிவுகளில் பல, சிறு விரிசலாகத் தொடங்குபவை. விரிசல் இருக்கும் நாட்களில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி நிவாரணி கொடுத்தால் தலை எழாது, குதிரை ஓடும். நல்ல மருந்துதான், லாயத்தில் ஓய்வெடுக்கும் குதிரைக்கு வரம். ஓடப்போகும் குதிரைக்கு அதைக் கொடுப்பது அதன் வாயைப் பொத்துவது. பணம் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதன் வலி அதற்கே சொந்தம். அதை அடக்கிப் பந்தயத்தில் விட நமக்கு உரிமையில்லை.

இங்கே பந்தய நாளில் இந்த மருந்து உடம்பில் இருக்கக் கூடாது என்பது விதி. ஜெயித்த குதிரையின் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்துக்கு அவ்வளவு காவல் இல்லை. "மூன்று மாதம் ஓடக் கூடாது" என்று டாக்டர் வாய் திறந்தால்தான் உண்டு. சொன்னால் சொந்தக்காரர் அடுத்த முறை வேறு டாக்டரைக் கூப்பிடக்கூடும். டாக்டருக்கான சம்பளத்தைச் சொந்தக்காரருக்குப் பதிலாகப் பந்தயக் கிளப்பே தரட்டும் என்று நான் விடாமல் கேட்பது இதனால்தான்.