உடன் படித்தவர்கள்

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு முடிந்து பிரிகிற சமயத்தில் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. எங்கள் காலத்தில் அதற்கென்றே ஆட்டோகிராப் புத்தகம் விற்பார்கள். ரோஜா, மஞ்சள், இளநீலம் என்று பல வர்ணத் தாள்களைச் சேர்த்துத் தைத்த சின்னஞ்சிறு புத்தகம். அதில் எழுதுகிறவர்கள் எல்லாரும் நண்பனைப் புகழ்வார்கள். என்றைக்கும் மறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். ஆனி மாதம் பிறப்பதற்குள் மறந்தும் போவார்கள். இதில் தர்ம விசாரம் செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. நம்மோடு பழகிய ஒருவரைப் பற்றி அன்போடு எழுதிவிட்டால், அதனாலேயே அது நல்ல எழுத்து ஆகிவிடுமா? கெட்ட எண்ணம் இல்லை என்பது ஒன்றே போதுமா?

நான் படித்தது ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் வருகிற மலையூர். 1820-களில் சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். குளிர்ச்சியை நாடித் துரைமார்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடங்கள் வந்தன. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894-லும், மான்ட்போர்ட் பள்ளி 1917-லும் தோன்றின. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு வந்து அங்கே தங்கிப் படித்தார்கள். நான் படித்தது அந்தப் பெரிய பள்ளிகளில் அல்ல. எஸ்டேட் குமாஸ்தா, தபால்காரர், கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளும், சுற்றியுள்ள மலைக் கிராமத்துப் பிள்ளைகளும் படித்த சாதாரணப் பள்ளிக்கூடம் அது. அதன் பெயர் இங்கே அவசியமில்லை.

1967 மார்ச் மாதம் எங்கள் வகுப்பில் 32 பேர். பிளஸ் டூ என்ற ஏற்பாடு 1978-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. பிரிவுபசாரக் கூட்டத்துக்காக அதன் கடைசி இதழைத் தயாரித்தபோது தமிழ் ஐயா என்னைக் கூப்பிட்டு, "ஒவ்வொருத்தனைப் பற்றியும் மூன்று வரி எழுதுடா. யார் மனசும் நோகக் கூடாது" என்றார்.

எழுதினேன். இன்று என்னை நாவலாசிரியன் என்று சொல்கிறார்கள். உண்மையில் என் முதல் பாத்திரங்கள் அந்த 32 பேர்தாம். எஸ்டேட் கணக்குப்பிள்ளையின் மகன் ஒருவன், காப்பிக் கொட்டை வறுபடும் வாசனையை மூக்கால் பிடித்து, இன்னும் எத்தனை நிமிஷத்தில் இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். அவனுக்கு அல்ஜீப்ரா மட்டும் வாசனையே தெரியாது. சேலத்திலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் அழுவான். கேட்டால், "கண்ணில் பனி புகுந்துவிட்டது" என்பான். வெயில் காயும் நாளிலும் அதே பதில்தான். முதல் மார்க் வாங்குகிறவன் தன் விடைத்தாளை மறைக்கவே மாட்டான். "பார்த்து எழுதினாலும் உனக்குப் புரியணுமே" என்பான். அவனுக்கு அகம்பாவமும் உண்டு, பரோபகாரமும் உண்டு. பழக்கடைக்காரர் மகனின் பையில் எந்தக் காலத்திலும் இரண்டு கமலா ஆரஞ்சு இருக்கும். சுளைகளை எண்ணிப் பங்கு போடுவான். மிஞ்சுகிற சுளை யாருக்கு என்பதில்தான் எங்கள் சண்டைகளில் பாதி நடந்தன.

இவர்களைப் பற்றியெல்லாம் பிரியத்தோடு எழுதினேன். ஒருவனிடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. மலைக் கிராமம் ஒன்றிலிருந்து நாலு மைல் நடந்து வருகிறவன். கடைசி பெஞ்சு. எதிலும் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் கூடப் படித்தவன்தான், ஆனாலும் அவனைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எழுதினேன்: 'இவன் ஊமையல்ல என்பதற்கு ஒரே சாட்சி ஆஜர்ப் பட்டியல். தினமும் ஒருமுறை "உள்ளேன் ஐயா" என்பான். அந்த இரண்டு வார்த்தைகளை நாங்கள் என்றும் மறவோம்.'

கூட்டத்தில் அதைப் படித்தபோது எழுந்த சிரிப்பு வேறு எதற்கும் எழவில்லை. அவனும் சிரித்தான். தமிழ் ஐயா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். யார் மனமும் நோகவில்லை என்று நான் திருப்திப்பட்டேன்.

மனிதர்களைச் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதுவது பழைய கலை. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், 2,300 ஆண்டுகளுக்கு முன்பு, இப்படி 30 சித்திரங்கள் எழுதினார். முகஸ்துதிக்காரன், வாயாடி, கஞ்சன் என்று அத்தனையும் குறையுள்ள மனிதர்கள். அவருடைய கண் கூர்மையானது, ஒன்றும் தப்பாது. ஆனால் பார்க்கிறவர் எப்போதும் தெருவின் எதிர்ப்புறத்தில் நிற்கிறார். எழுதப்பட்டவனுக்கும் எழுதினவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை.

நம் தமிழில் இதற்கு நேர் எதிரான ஒரு சித்திரம் உண்டு. உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். அதில் அவரோடு பாடம் கேட்ட சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் அடிக்கடி வருகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1-ஆம் தேதி காலமான இரவைப் படித்தவர்கள் மறக்க முடியாது. ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டு தாங்குகிறார் சவேரிநாதர். பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் படிக்கிறார் சாமிநாதர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியபோதும், சாய்ந்த தலையும் தாங்கிய மார்பும் அவருக்கு மறக்கவில்லை. சவேரிநாதர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, அன்றிரவு எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதுதான் நமக்கு அவரைக் காட்டுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் படத்தில் எழுதினவரும் இருக்கிறார்.

நான் எழுதிய படத்தில் நான் இல்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் அந்தக் கடைசி பெஞ்சுக்காரரேதான்.

2009 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். சுமார் 5,300 அடி உயரத்தில், மலை உச்சிக் குகையில் உள்ள கோயில். சுற்றுப்புறத்து மலைக் கிராமங்கள் எல்லாம் அன்று அங்கேதான் இருக்கும். தலையெல்லாம் நரைத்த ஒருவர் என் எதிரே வந்து நின்று சிரித்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. விழித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளேன் ஐயா" என்றார்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். அவர் என்னை "நீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம், பழையபடி கூப்பிடு என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்சமாக நிலம், மிளகு, பேரப்பிள்ளைகள் என்று பேச்சு ஓடியது. நான் ஒன்றும் தெரியாதவன்போல, "அந்தக் காலத்தில் நீ ஏன் பேசவே மாட்டாய்?" என்று கேட்டேன்.

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஆறாம் வகுப்பிலே, வந்த முதல் வாரம், வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். எங்க ஊர்ப் பேச்சிலே பதில் சொன்னேன். பதில் சரிதான். ஆனா எல்லாரும் சிரிச்சீங்க. நீயும் சிரிச்சே. அப்புறம் எனக்குப் பேசத் தோணலே."

அந்த ஒரு 'நீ'யைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் 'நீங்க'ளுக்குத் திரும்பிவிட்டார். "ஆனா நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்தது. என்னைப் பத்தி எழுத்திலே வந்தது அது ஒண்ணுதானே. பேரப் பசங்களுக்குக்கூடச் சொல்லியிருக்கேன்" என்றார். அதில் குத்தல் கொஞ்சமும் இல்லை. எனக்கு அதுவே பொறுக்க முடியாமல் இருந்தது.

அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் இல்லை. சிரித்தவர்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அவனுடைய மௌனத்தை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன். ஆறு வருஷம் கழித்து அதே மௌனத்தை எடுத்து, அது அவனுடைய பிறவிக் குணம் என்பதுபோல, அன்பாக ஒரு வேடிக்கை செய்து அவனுக்கே பரிசாகக் கொடுத்திருக்கிறேன். பகையோடு எழுதியிருந்தால் அவன் எதிர்த்திருக்கலாம். அன்போடு எழுதியதை எப்படி மறுப்பான்? கூடச் சேர்ந்து சிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே, அன்பு இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு, போதாது என்பதே என் பதில். ஒருவனுடைய குணம் என்று நாம் எழுதுவதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு நாம் அவனுக்குச் செய்தது என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் முட்டாள் என்று பேர் வாங்கியவன், அழுமூஞ்சி என்று பேர் வாங்கியவன், வீட்டில் 'அவளுக்கு ஒன்றும் வேண்டாம்' என்று பேர் வாங்கிய அக்காள், இவர்கள் எல்லாரைப் பற்றியும் நாம் பிரியமாகத்தான் பேசுகிறோம். அந்தப் பிரியமான பேச்சில் நம் பங்கு மறைந்துகிடக்கிறது.

பரீட்சை நடக்கிற மார்ச் மாதத்தில் ஏற்காட்டில் ஒரு மழை பெய்யும். பெய்த ஒரு வாரம் பத்து நாளில் காப்பித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைபோல் மணக்கும். அதைப் பார்த்து ஊரார் பரவசப்படுவோம். தோட்டக்காரர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பூக்க ஒரு மழை போதும். காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் பிரிவுபசாரமும் அந்த முதல் மழையோடு முடிந்துவிட்டது. இரண்டாவது மழைக்கு நான் 42 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே பிரதிதான். அது எப்போதோ கரையானுக்கு இரையாகிவிட்டது. ஆனால் அந்தச் சித்திரத்துக்கு எனக்கு ஒரு விஷயம் அப்போதே தெரிந்திருந்தது. சிரிப்பு வராது என்பதற்காக விட்டுவிட்டேன். இப்போது மூன்று வரி எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்:

மழை நாளில் நாங்கள் பையைத் தலைக்குப் பிடித்து ஓடுவோம். இவன் புத்தகங்களைச் சட்டைக்குள் வைத்து, குனிந்து, நனைந்துகொண்டே நாலு மைல் நடந்து வருவான். இவன் சொன்ன பதில் சரியாக இருந்தது. நாங்கள் சிரித்தோம்.