யார் பார்க்க இந்தத் தேவலோகம்?

பதுளை மாவட்டத்து மகியங்கனைத் தூபிக்குள் புனித தாதுக்களை வைக்கும் அறையான தாதுகர்ப்பத்தின் சுவர்களில், போதி மரத்தடியில் புத்தரையும் அவரை வணங்கும் தேவர்களையும் யாரோ தீட்டி வைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கப்படும் அந்த ஓவியங்கள், கடந்த நூற்றாண்டில் தூபியைப் புதுப்பித்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. மிகிந்தலையிலும் இப்படி ஒரு தாதுகர்ப்பத்தில் மேகங்களிடையே எழும் தேவ உருவங்கள் கிடைத்தன. பண்டாரவளைக்கு அருகே தோவ விகாரையின் குகைச் சுவர்கள் வருகிறவர்கள் பார்ப்பதற்காகத் தீட்டப்பட்டவை. தாதுகர்ப்பமோ தாதுவை வைத்ததும் மூடப்படும். இனி மனிதக் கண் படாது என்பது தூரிகையை எடுக்கும்போதே ஓவியருக்குத் தெரியும். யாரும் பார்க்காத வேலையை ஏன் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்ற கேள்வியை அந்தச் சுவர்கள் எழுப்புகின்றன.

அந்த ஓவியர் கூலி வாங்கியிருப்பார், புண்ணியம் சேரும் என்று நம்பியிருப்பார், தேவர்கள் பார்ப்பார்கள் என்று எண்ணியிருப்பார் என்று சொல்லலாம். இருக்கலாம். மன்னன் துட்டகைமுனு கட்டிய மகாதூபியின் தாதுகர்ப்பச் சிறப்பை மகாவம்சம் விரிவாகப் பாடுகிறது. மூடிய அறையும் மன்னனுக்குப் புகழ் தந்தது. ஆனால் ஓவியர் பெயர் எதிலும் இல்லை. கூலிக்கும் புண்ணியத்துக்கும் ஒப்பேற்றிய கோடுகளே போதும். அதற்கு மேல் கை காட்டும் அக்கறை, வேலை தெரிந்தவர் தன் வேலைக்குத் தானே வைத்துக்கொள்ளும் அளவுகோலிலிருந்து வருகிறது. பாராட்டு வராவிட்டாலும் அது குறைவதில்லை.

இதைவிடக் கடுமையான மறுப்பு, பதுளை அடங்கிய ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும். ஊவாத் தேயிலையின் மணம் உலகறியும். கொழுந்து பறித்தவர் பெயரை யாரும் அறியார். பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை நிறைவேற 2021 ஆனது. அவர்களிடம் போய், பார்ப்பார் இல்லாவிட்டாலும் உழை, பலன் மேலே இருக்கிறது என்று சொல்வது ஏமாற்று. மறுப்பு நியாயமானது, ஆனால் அது சாடுவது வேறொன்றை. ஓவியம் மறைந்திருந்தது அந்த வேலையின் இயல்பால். தொழிலாளி மறைக்கப்பட்டது மற்றவர்களின் ஏற்பாட்டால். செய்நேர்த்திக்குச் சாட்சி தேவையில்லை. கூலிக்கும் உரிமைக்கும் கட்டாயம் தேவை. முன்னதைப் புகழ்ந்து பின்னதை மறுப்பவர் காட்டும் சொர்க்கத்தை நம்ப வேண்டியதில்லை.